கேட்டதைக் கண்டதாகக் கூறலாமோ?

பௌத்த நூல்களைப் பயில்வோர் யாவரும் அறிந்த செய்தியொன்றுண்டு. பகவன் புத்தரின் போதனைகளைச் சங்கத்தார் முன்னிலையில் எடுத்தோதிய ஆனந்தர், ஒவ்வொன்றையும் தாம் கேட்டதென்று அறிவித்தே தொடங்கினார் என்பது மரபு. இருபத்தைந்து ஆண்டுகள் பகவனுடன் நிழல்போல் இருந்தவர் அவர். அவரினும் நன்கறிந்தார் பிறர் இலர். ஆயினும் அவர் கேட்டதைக் கேட்டதென்றே கூறினார். எவ்வூரில், எவர் முன்னிலையில் அது பேசப்பட்டதென்பதையும் உடன் கூறினார். உரைப்போன் தன் அறிவின் எல்லையைக் கேட்போனுக்குக் காட்டிவிடுகிறான். கேட்போன் அதனை ஆராய்ந்து கொள்ளும் உரிமையைப் பெறுகிறான். கேசபுத்த நகரத்துக் காலாமருக்குப் பகவன் உணர்த்தியதும் இதுவே. பலர் சொல்லக் கேட்டோம் என்னும் ஒரு காரணம் பற்றியே எதனையும் ஏற்றுக்கொள்ள வேண்டா என்பது அவ்வுரையின் கருத்து.

பொய்யாமை ஐந்து சீலங்களுள் ஒன்று. பொய்யென்று அறிந்தே உரைப்பது குற்றம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் மெய்யோ பொய்யோ என்று தனக்கே தெரியாத ஒன்றை மெய்யெனத் துணிந்து உரைப்பவன் எவ்வகையிற் சேர்வான்? அவன் பொய்யனல்லன் என்று விட்டுவிடலாமோ? நாள்தோறும் செய்தித்தாளைக் கையிலெடுக்கும் நமக்கு இக்கேள்வி மிகவும் வேண்டப்படுவதாகும். இதனை வெறுஞ் சொல்லாராய்ச்சியாக விடாமல், நம் அண்டையில் நிகழ்ந்த ஒன்றை முன்வைத்து ஆராய்வோம்.

2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் விடியற்காலையில், திருப்பதிக்கு அண்மையில் சந்திரகிரியைச் சார்ந்த சேஷாசலக் காட்டில் இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்விடம் அப்போது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2022-ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. ஓரிடத்தில் ஒன்பது உடல்களும் மற்றோரிடத்தில் பதினொரு உடல்களும் கிடந்தன. இறந்தோர் யாவரும் தமிழகத்தார். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களின் மலையடிவாரத்து ஏழைகள். சுட்டவர்கள், செம்மரக் கடத்தலைத் தடுப்பதற்கென்று ஆந்திர அரசாங்கம் அமைத்த தனிப்படையினர்.

நூற்றுக்கு மேற்பட்டோர் கற்களாலும் கோடரிகளாலும் தங்களைத் தாக்கியதால் தற்காப்புக்காகவே சுட்டோம் என்று போலீசார் கூறினர். உயிர் தப்பிய சிலரோ, இறந்தவர்களுட் பலர் வழியிலேயே பஸ்ஸிலிருந்து இறக்கிப் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் வாக்குமூலம் அளித்தனர். உடல்களினருகே கிடந்த கட்டைகளிற் பழைய வர்ணக் குறிகள் காணப்பட்டதாகச் சில நிருபர்கள் எழுதினர். இறந்தோரிற் சிலருடைய உடல்கள் மறுமுறையும் பிரேத பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டன. ஆணையம் சி.பி.ஐ. விசாரணை வேண்டுமென்றும், குடும்பமொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால உதவி அளிக்க வேண்டுமென்றும் அவ்வாண்டிலேயே பரிந்துரைத்தது. ஆந்திர அரசாங்கம் அதனை உயர்நீதிமன்றத்தில் எதிர்த்தது.

அந்த வாரத்திலே சித்தூர் பஸ் நிலையத்தருகில் ஒரு தேநீர்க்கடையில் அமர்ந்திருந்தேன். சித்தூர் இரு மொழியும் வழங்கும் ஊராதலின், தெலுங்குத் தாளொன்றும் தமிழ்த் தாளொன்றும் ஒரே பலகைமீது கிடந்தன. ஒன்றின் தலைப்பு கடத்தல்காரர் இருபது பேர் சுட்டு வீழ்த்தப்பட்டதாகக் கூறிற்று. மற்றொன்றின் தலைப்பு தமிழர் இருபது பேர் படுகொலை செய்யப்பட்டதாகக் கூறிற்று. இரண்டையும் வாசிக்கத் தெரிந்த முதியவரொருவர் அவற்றை மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஏனய்யா, இரண்டு காகிதத்திலும் செத்தவர்கள் ஒரே ஆட்கள்தாமா?” என்று கடைக்காரரைக் கேட்டார். கடைக்காரர் விடையொன்றும் கூறவில்லை.

அம்முதியவரின் கேள்வியே இக்கட்டுரைக்கு வித்தாகும்.

‘கடத்தல்காரர்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒருவன் கடத்தினான் என்பது குற்றச்சாட்டு. அவன் கடத்தல்காரன் என்பது தீர்ப்பு. குற்றஞ் சாட்டுவது போலீசாரின் வேலை. தீர்ப்புரைப்பது நீதிமன்றத்தின் வேலை. இரண்டுக்குமிடையே சாட்சியம், குறுக்கு விசாரணை, வாதம் என்று நீண்டதொரு வழியிருக்கிறது. பத்திரிகை ஒரே சொல்லால் அவ்வழி முழுவதையும் தாண்டிவிடுகிறது. மேலும், அச்சொல் எவரைச் சுட்டுகிறது? கொள்ளை இலாபம் பெறும் வியாபாரியையும், நாட்கூலிக்குக் கோடரி பிடிக்கும் மலைவாசியையும் ஒரே பெயரால் அழைக்கிறது. ‘மோதல்’ என்னும் சொல்லும் இத்தகையதே. மோதலென்றால் இரு பக்கத்தாரும் பொருதனர் என்றாகும். பொருதனரா என்பதன்றோ விசாரிக்க வேண்டிய பொருள்!

மற்றைத் தாள் செய்ததும் முற்றும் குற்றமற்றதன்று. இறந்தோர் தமிழர் என்பது உண்மை. ஆனால் அந்த ஓர் உண்மையை மாத்திரம் பெரிய எழுத்திற் பொறித்ததால், வழக்கு ஏழைக்கும் துப்பாக்கிக்கும் இடையிலுள்ளதாக இல்லாமல், தமிழருக்கும் தெலுங்கருக்கும் இடையிலுள்ளதாக மாறிற்று. அவ்வேழைகளைக் காட்டுக்கு அனுப்பிய தரகர்களுள் தமிழரும் உண்டு என்பது மறைந்தது. கொலையைக் கண்டித்து முதலில் குரலெழுப்பியவர்களுள் ஆந்திரத்து மனித உரிமைத் தொண்டர்களும் உண்டு என்பதும் மறைந்தது.

இவ்விடத்தில் நம் மொழியின் சிறப்பொன்றை நினைவூட்ட விரும்புகிறேன். தமிழில் ‘ஆம்’ என்றொரு சிறு சொல்லுண்டு. ‘மழை பெய்தது’ என்பவன் கண்டவன். ‘மழை பெய்ததாம்’ என்பவன் கேட்டவன். எழுத்தறியாப் பாட்டியும் இவ்வேற்றுமையைத் தவறாது கடைப்பிடிப்பாள். தெலுங்கிலும் ‘அட’ என்னும் ஈறு இவ்வேலையையே செய்கிறது. பழைய இலக்கண நூலாராகிய தொல்காப்பியரும் தமக்கு முன்னோர் கூறியவற்றை ‘என்ப’, ‘என்மனார்’ என்று பிறர்மேல் வைத்தே கூறிச் செல்கிறார். ஆக, கேட்டதைக் கேட்டதென்று கூறும் அறம் நம்முடைய பேச்சிலேயே ஊறியிருக்கிறது. சித்தூர்ச் சந்தையில் இரு மொழியினரும் நாள்தோறும் கையாளும் அவ்வறம், அச்சு எந்திரத்தினுட் புகுந்தவுடன் காணாமற் போவதேன்?

முற்றும் காணாமற் போவதில்லை என்று பத்திரிகை அன்பர் ஒருவர் கூறக்கூடும். “என்று போலீசார் தெரிவித்தனர்” என்னும் தொடர் செய்தியின் உள்ளே இருக்கத்தான் செய்கிறது என்பார். உண்மையே. ஆனால் அது நான்காவது பத்தியின் இறுதியில் இருக்கிறது. தலைப்பில் இல்லை. பலர் தலைப்பை மாத்திரமே வாசிக்கின்றனர்; கடைத்திண்ணையில் அமர்ந்து பிறர் வாசிக்கக் கேட்போர்க்கும் தலைப்பே எட்டுகிறது.

இன்னொரு தடையையும் அவர் எழுப்புவார். காட்டில் விடியற்காலையில் நடந்ததைப் போலீசாரையன்றி வேறெவரைக் கேட்டெழுதுவது? மாலைக்குள் தாள் அச்சேற வேண்டுமே என்பார். இத்தடை நியாயமானதே. முதல்நாளிலே முழு உண்மையையும் கொணர்க என்று எவரும் கேட்கவில்லை. ஆனால் சட்டமே போலீசாரின் சொல்லை முடிந்த முடிபாகக் கொள்ளாதபோது, பத்திரிகை ஏன் கொள்ள வேண்டும்? போலீசார் சுட்டு ஒருவர் இறந்தால் அதனைத் தனியொரு வழக்காகக் கொண்டு விசாரிக்க வேண்டுமென்று 1997-ஆம் ஆண்டு மனித உரிமை ஆணையம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. அக்கடிதத்திற்குக் காரணமாயிருந்தவை ஆந்திரத்திலிருந்து சென்ற முறையீடுகளே. 2014-ஆம் ஆண்டு செப்டம்பரில் உச்சநீதிமன்றமும், இத்தகைய சாவுகளை வேறு நிலையத்தாரோ சி.ஐ.டி. பிரிவினரோ புலனாய்வு செய்ய வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணையும் நடத்த வேண்டும் என்று விதி வகுத்தது. சேஷாசலத்தில் துப்பாக்கி வெடித்தது அதற்கு ஏழு மாதங்களுக்குள்ளாகத்தான். ஆகவே, ‘இருபது பேர் சாவு, தற்காப்பென்று போலீசார் கூற்று’ என்று தலைப்பிடுவதற்கு இடமும் போதும், நேரமும் போதும். விருப்பம் ஒன்றே வேண்டுவது.

நிற்க. பரபரப்பினால் விளையும் தீங்கு, சொன்னதில் மாத்திரம் இல்லை. சொல்லாமல் விட்டதிலும் இருக்கிறது. செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், சித்தூர், கடப்பை, நெல்லூர், கர்நூல் பக்கங்களிலன்றி வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. அயல்நாடுகளில், சிறப்பாகச் சீனத்தில், தட்டுமுட்டுச் சாமான்களுக்காக அதனை மிகுந்த விலைகொடுத்து வாங்குகின்றனர். 1995-ஆம் ஆண்டு முதல் அது உலக வாணிக ஒப்பந்தத்தால் கட்டுப்படுத்தப்பட்ட மரமாகும். வெட்டுகிறவன் கைக்கு வருவது கூலி. பொருள் முழுவதும் சேர்வது துறைமுகத்துக்கு அப்பால். இருபது உடல்களின் படங்களைப் பக்கம் நிறைய அச்சிட்ட தாள்கள், மரம் எக்கரம் வழியாக எக்கப்பலேறிற்று என்பதற்கு எத்தனை பத்திகள் ஒதுக்கின?

அதுபோன்றே, 2013-ஆம் ஆண்டு டிசம்பரில் அதே சேஷாசலக் காட்டில் வனத்துறை ஊழியர் இருவர் மரம்வெட்டச் சென்றோரால் கொல்லப்பட்டனர் என்று வழக்குத் தொடரப்பட்டது. அவ்விருவரும் கூலிக்குப் பணிசெய்த மனிதரே, அவர்களுக்கும் குடும்பமுண்டு. நம் பக்கத்துத் தாள்கள் பல 2015-இல் அவர்களை நினைக்கவேயில்லை. அவ்வழக்கில் பிடிக்கப்பட்ட தமிழகத்துக் கூலியாட்கள் சில நூறு பேர். அவர்களிற் பலர் ஈராண்டுக்கு மேல் சிறையிலிருந்தனர். 2016-இல் திருப்பதி நீதிமன்றம் விடுதலை செய்தது. பிடிபட்ட செய்தி எல்லார் நினைவிலும் இருக்கிறது; விடுபட்ட செய்தியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஒருவனைக் குற்றவாளியென்று உரத்துக் கூவிய வாய், அவன் குற்றமற்றவன் என்பதையும் அதே அளவு உரத்துக் கூவக் கடமைப்பட்டதன்றோ? அது செய்யாத வரையில் பழி நீங்குவதில்லை. நீதிமன்றத்தால் விடுதலையானவன் ஊராரிடம் கைதியாகவே இருக்கிறான்.

அதே மலையைச் சார்ந்த பிற்காலத்து நிகழ்ச்சியொன்றையும் கூறலாம். 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில், திருமலைக் கோவிற் பிரசாதத்திற்கு வாங்கிய நெய்யில் விலங்குக் கொழுப்பு கலந்திருந்ததென்று ஆந்திர முதலமைச்சர் வெளிப்படையாகக் கூறினார். சில நாழிகைக்குள் அது நாடெங்கும் தீர்ந்த உண்மையாகப் பரவிற்று. கோடிக்கணக்கானோர் மனம் புண்பட்டது. அம்மாதம் 30-ஆம் நாள், விசாரணைக்கு உத்தரவிட்டபின் அது முடியுமுன் பத்திரிகைகளிடம் செல்ல வேண்டிய தேவையென்ன என்று உச்சநீதிமன்றம் வினவிற்று. அக்டோபர் 4-ஆம் நாள் தனி விசாரணைக் குழுவொன்றையும் அமைத்தது. நாம் அக்கோவிலின் வழிபாட்டைச் சேர்ந்தவர்களல்லோம். ஆயினும் அவ்வினா எல்லாருக்கும் பொதுவானது. 2015-இல் போலீசார் கூற்று விசாரணையை முந்திக்கொண்டது. 2024-இல் ஆட்சியாளர் கூற்று முந்திக்கொண்டது. இருமுறையும் ஓடிய குதிரை பத்திரிகையே.

அன்பர்களே! பிறர் நமக்குப் பெயரிடுவதன் கொடுமையை நம்மைப்போல் அறிந்தவர் யார்? 1871-ஆம் ஆண்டுச் சட்டமொன்று சில குலங்களையே குற்றப்பரம்பரை என்று பெயரிட்டது. பிறந்த குழந்தையும் அப்பெயருக்குள்ளே பிறந்தது. 1952-இல் அச்சட்டம் நீங்கியும் அப்பெயரின் வடு நீங்கவில்லை. தம்மைப் பற்றித் தாமே உரைக்க ஓர் ஏடு வேண்டுமென்றுதான் பண்டிதர் அயோத்திதாசர் 1907-ஆம் ஆண்டு இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். டாக்டர் அம்பேத்கர் 1920-இல் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கியதும் ஊமையராக்கப்பட்டோர்க்கு வாயாக இருப்பதற்கே. 1943-இல் பூனாவிலே பேசுகையில், தொழிலாக இருந்த பத்திரிகை வாணிகமாகிவிட்டதென்றும், சவர்க்காரம் செய்வோனுக்குள்ள அளவு அறப்பொறுப்பே அதற்கு எஞ்சியிருக்கிறதென்றும் அவர் வருந்திக் கூறினார். அவ்வருத்தம் நீங்கும் காலம் இன்னும் வந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் இவ்வளவும் பிறரைக் குறைகூறுதலோடு முடிந்தால் பயனில்லை. என் குற்றமொன்றையும் ஈண்டு ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஏப்ரல் மாதத்திலே சிறு கூட்டமொன்றில் இக்கொலைகளைப் பற்றிப் பேசினேன். “இருபது பேரையும் மரத்திற் கட்டிவைத்துச் சுட்டார்கள்” என்று உணர்ச்சி மேலிட்டுக் கூறினேன். கூட்டம் கொதித்தது. முடிந்தபின் இளைஞரொருவர் என்னிடம் வந்தார். அவர் சவ்வாது மலையடிவாரத்துக்காரர். அவருடைய உறவினர் சிலர் மரம் வெட்டச் சென்று சிறைப்பட்டிருந்தனர்.

“ஐயா, தாங்கள் அதைக் கண்டீர்களா?” என்றார்.

“காணவில்லை தம்பி, படித்தேன்” என்றேன். எங்குப் படித்தேன் என்பது எனக்கே நினைவில்லை.

“அப்படியானால் அப்படிச் சொல்லாதீர்கள், ஐயா. எங்களுக்கு உள்ளது உள்ளபடி வேண்டும். நீங்கள் கூட்டிச் சொன்னதை நாளைக்குப் பொய்யென்று காட்டுவார்கள். அதோடு சேர்த்து உள்ளதையும் பொய்யாக்கி விடுவார்கள்” என்றார்.

முதலில் எனக்குச் சினம் வந்தது. அவர்கள் பக்கம் நின்று பேசிய என்னை அவர்களுள் ஒருவரே கண்டிக்கிறாரே என்று எண்ணினேன். பின்பு அவர் சொல்லின் பொருள் விளங்கிற்று. வலியோன் பொய் சொன்னால் அவனுக்கு வேறு துணைகள் உண்டு. எளியோனுக்கு உண்மையொன்றே துணை. அதில் ஒரு துளி பொய்யைக் கலப்பவன் நண்பனாயினும் அவனுக்குத் தீங்கே செய்கிறான். இரக்கம் மெய்யானதாயிருப்பதால் சொல்லும் மெய்யாகிவிடாது. இத்தனை ஆண்டுகள் சீலங்களை ஓதியும் இதனை நான் ஒரு மலையடிவாரத்து இளைஞரிடமே கற்க வேண்டியிருந்தது.

எனவே முதலிற் கேட்ட கேள்விக்கு விடை இதுவென்று துணிகிறேன். தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் கூறுவோன் பொருளைப் பற்றிப் பொய் கூறாதிருக்கலாம். தன்னைப் பற்றிப் பொய் கூறுகிறான். தான் கண்டவனல்லன் என்பதை மறைக்கிறான். அவன் கூறியது பின்னர் மெய்யென்று விளங்கினும் அக்குற்றம் நீங்காது. ஆதலின் அதுவும் பொய்யாமைச் சீலத்திற்கு இழுக்கே.

பொதுமக்களுக்குப் பயன்படும் செய்தி எதுவென்பதையும் இதனின்றே அறியலாம். இன்னார் கூற்று என்று தலைப்பிலேயே அறிவிக்கும் செய்தி பயனுடையது. இறந்தவனுக்குப் பெயரும் ஊரும் தொழிலும் உண்டென்று காட்டும் செய்தி பயனுடையது. கோடரி பிடித்தவனோடு நில்லாமல், அவனை அனுப்பியவனையும் வாங்கியவனையும் தேடிச் செல்லும் செய்தி பயனுடையது. யாவற்றினும் மேலாக, ஓராண்டு, ஐந்தாண்டு கழித்தும் திரும்பிவந்து, ‘அவ்விசாரணை என்னவாயிற்று?’ என்று கேட்கும் செய்தி பயனுடையது. இத்தகைய செய்திகளை எழுதும் நிருபர்கள் இன்றும் இரு மொழியிலும் இருக்கின்றனர். கட்டைகளின் வர்ணக் குறியைக் கண்டெழுதியவர்களும், தப்பியவர்களின் சொல்லை ஊர் ஊராகச் சென்று கேட்டெழுதியவர்களும் அவர்களே. அவர்களுடைய எழுத்து உட்பக்கத்தில் இருக்கலாம். அதனைத் தேடி வாசிப்பது நம் கடன். நாம் முதற்பக்கத்துப் படத்தை மாத்திரம் பார்த்துத் தாளை மடித்துவிடுவோமாயின், நாளைக்கும் அப்படமே வரும். பரபரப்பை விற்பவன் ஒருவன், வாங்குவோர் நாமே.

செய்தித்தாளைக் கையிலெடுக்கும்போதும், அதனைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதும் ஆனந்தரை நினைவிற் கொள்வோம். ‘நடந்தது’ என்று சொல்ல வாயெடுக்குமுன், ‘நடந்ததாம்’ என்று சொல்ல வேண்டியதோ என்று ஒருகணம் எண்ணுவோம். அந்த ஒருகண எண்ணம், குற்றஞ் சாட்டப்பட்டவனுக்குச் சில வேளை ஆயுள் முழுவதற்கும் உதவியாகும். இறந்தவனுக்கோ, நாம் செய்யக்கூடிய கடைசி மரியாதையாகும்.